ஹார்வர்டில் எல்லாத் தேர்வும் பாஸ், பட்டம் மட்டும் இல்லை: மேரி கால்கின்ஸின் பிஎச்.டி கதை

பிஎச்.டி பண்ணும் நண்பர் யாராவது இருந்தால் உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். "எப்போ முடியும்?" என்று மட்டும் அவரிடம் கேட்கவே கூடாது. அட்மிஷன், கோர்ஸ் வொர்க், கைடு, லேப், ஒரு பேப்பராவது வெளிவர வேண்டும் என்ற டென்ஷன், சினாப்சிஸ், தீசிஸ், கடைசியில் வைவா. இத்தனை படியும் ஏறினால்தான் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' வரும்.

சரி, இத்தனை படியும் ஏறி முடித்த பிறகு, "நீங்கள் இங்கே மாணவியே கிடையாதே" என்று பல்கலைக்கழகம் சொன்னால்?

உளவியல் வரலாற்றில் அப்படி ஒருவர் இருக்கிறார். பெயர் மேரி விட்டன் கால்கின்ஸ். 1895 மே 28 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆறு பேர் கொண்ட குழு அவருக்கு வாய்மொழித் தேர்வு நடத்தியது. பிஎச்.டி பட்டத்துக்குத் தேவையான எல்லாவற்றையும் இவர் நிறைவு செய்துவிட்டார் என்று குழு எழுதியும் கொடுத்தது. ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பட்டம் வரவே இல்லை.

ஏன்? அதைப் புரிந்துகொள்ள, அவர் ஏறிய படிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கிரேக்க டீச்சருக்கு வந்த ஆஃபர்

மேரி பிறந்தது 1863-ல், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில். அப்பா பாதிரியார். ஸ்மித் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டு, குடும்பத்தோடு ஐரோப்பா போய் ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்டுத் திரும்பினார். 1887-ல் பாஸ்டன் பக்கத்தில் உள்ள வெல்ஸ்லி பெண்கள் கல்லூரியில் கிரேக்க மொழி ஆசிரியராகச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் உளவியல் என்பது தத்துவத் துறையிலிருந்து அப்போதுதான் எட்டிப்பார்க்கத் தொடங்கிய பாடம். ஜெர்மனியின் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் தொடங்கியதே 1879-ல்தான். மனதைப் பற்றி உட்கார்ந்து யோசிப்பதோடு விடாமல், கடிகாரமும் கருவியும் வைத்து அளக்கலாம் என்ற எண்ணமே புதுசு. வெல்ஸ்லியும் இந்தப் பாடத்தைக் கொண்டுவர நினைத்தது. சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

கல்லூரி நிர்வாகம் தன் ஆசிரியரிலேயே ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. ஒரு வருடம் வெளியே போய் உளவியல் படித்துவிட்டு வந்தால் வேலை மேரிக்கு. இதுதான் டீல்.

எங்கே படிப்பது? மிச்சிகன், யேல், ஜெர்மனி என்று பல யோசனைகள் வந்தன. வீட்டுக்குப் பக்கத்தில், சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருந்தது ஹார்வர்டு. அங்கே வில்லியம் ஜேம்ஸ் இருந்தார். அமெரிக்க உளவியலில் அவரைவிடப் பெரிய பெயர் அப்போது இல்லை. ஒரே சிக்கல், ஹார்வர்டு ஆண்களுக்கு மட்டும்.

அட்மிஷன்: 'வரலாம், ஆனால் மாணவி இல்லை'

வில்லியம் ஜேம்ஸும் தத்துவப் பேராசிரியர் ஜோசையா ராய்ஸும் மேரியைத் தங்கள் செமினாரில் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். மறுத்தவர் பல்கலைக்கழகத் தலைவர் சார்ல்ஸ் எலியட். ஆண்களும் பெண்களும் ஒரே வகுப்பில் படிப்பது அவருக்குப் பிடிக்காத விஷயம். ஒருவரை அனுமதித்தால் அது முன்னுதாரணம் ஆகிவிடும் என்ற கவலை வேறு.

பெண்களுக்கென்று 'அனெக்ஸ்' என்ற ஏற்பாடு 1879 முதல் இருந்தது உண்மைதான். ஹார்வர்டு பேராசிரியர்கள் ஆண்களுக்கு நடத்திய பாடத்தைத் தனியாக இன்னொரு முறை பெண்களுக்கு நடத்துவார்கள். ஆனால் மேரிக்கு வேண்டியது ஜேம்ஸின் ஆராய்ச்சி செமினார். அனெக்ஸில் அது கிடைக்காது.

விஷயம் அத்தோடு முடியவில்லை. மேரியின் அப்பா ஹார்வர்டு நிர்வாகத்துக்கு மனு எழுதினார். வெல்ஸ்லி கல்லூரியின் தலைவரும் கூடவே ஒரு கடிதம் போட்டார். 1890 அக்டோபர் 1 அன்று நிர்வாகக் குழு இறங்கிவந்தது. மேரி செமினாருக்கு வரலாம். ஆனால் இந்தச் சலுகையால் அவர் பல்கலைக்கழகத்தில் பதிவு பெற்ற மாணவி ஆகிவிட மாட்டார் என்று பதிவேட்டில் ஒரு வரியும் சேர்த்தே எழுதினார்கள்.

அந்த ஒரு வரிதான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

கோர்ஸ் வொர்க்: வகுப்பில் ஒரே ஒரு ஆள்

செமினார் தொடங்கிய சில நாளிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. கூடப் படிக்க வந்த ஆண்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் மிஞ்சியது பேராசிரியரும் மேரியும் மட்டும். வகுப்பறை எதற்கு என்று ஜேம்ஸ் வீட்டு நூலகத்துக்கே பாடம் மாறியது. கணப்பு நெருப்பின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஜேம்ஸ் பன்னிரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்த 'உளவியலின் கோட்பாடுகள்' என்ற பெரும் நூல் அந்த ஆண்டுதான் அச்சாகி வந்திருந்தது. அதை எழுதியவரோடு தனியாக உட்கார்ந்து படிக்கிற யோகம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

சேர்க்கவே மாட்டோம் என்ற இடத்தில், வேறு எந்த மாணவருக்கும் கிடைக்காத தனி வகுப்பு.

அந்த செமினாருக்காக எழுதிய கட்டுரையை வைத்துத்தான் மேரியின் முதல் ஆய்வுக்கட்டுரை 1892-ல் வெளிவந்தது. ஒரு எண்ணம் இன்னொரு எண்ணத்தை எப்படி இழுத்துவருகிறது என்பதுதான் தலைப்பு. பின்னாளில் தீசிஸ் ஆனதும் இதே கேள்விதான்.

லேப்: மாடியில் ஒரு ஆய்வுக்கூடம்

ஜேம்ஸ் சிறந்த சிந்தனையாளர். ஆனால் லேபில் உட்கார்ந்து அளக்கும் வேலை அவருக்கு அலுப்பு. அதனால் சோதனை முறைகளைக் கற்க மேரி இன்னொருவரைத் தேடிப்போனார். கிளார்க் பல்கலைக்கழகத்தின் எட்மண்ட் சான்ஃபோர்டு. கருவிகளை எப்படிச் செய்வது, வாங்குவது, பொருத்துவது என்பதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

1891-ல் மேரி வெல்ஸ்லிக்குத் திரும்பி, கல்லூரிக் கட்டடத்தின் மேல்மாடியில் உளவியல் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்காவில் இப்படிப்பட்ட லேப்களைக் கைவிட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. ஒரு பெண் தொடங்கிய முதல் உளவியல் லேப் இதுதான். மாணவிகள் ஆட்டு மூளையை அறுத்துப் பார்த்தார்கள். புலன்களைச் சோதித்தார்கள். இதை நடத்தியவருக்கு அப்போது கையில் பிஎச்.டி இல்லை. இன்றைக்கு நம் ஊரில் உதவிப் பேராசிரியர் விளம்பரத்தைப் பார்க்கிறவர்களுக்கு இது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கலாம்.

நடுராத்திரி அலாரம், மெழுகுவர்த்தி, பென்சில்

இந்தக் காலகட்டத்தின் சுவாரஸ்யமான வேலை கனவு ஆராய்ச்சி. மேரியும் சான்ஃபோர்டும் தங்களையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார்கள். அலாரம் கடிகாரத்தை இரவின் வெவ்வேறு நேரங்களுக்கு வைத்துவிட்டுத் தூங்குவது. அடித்ததும் எழுந்து, கனவு கலைவதற்குள் எழுதிவிடுவது. அதற்காகவே படுக்கைக்குப் பக்கத்தில் பேப்பர், பென்சில், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி எல்லாம் தயாராக இருக்கும்.

கனவை நினைவுகூர்வது எவ்வளவு கஷ்டம் என்று நமக்கே தெரியும். பல் தேய்த்து முடிப்பதற்குள் போய்விடும். மேரி 55 இரவுகளில் 205 கனவுகளையும், சான்ஃபோர்டு 46 இரவுகளில் 170 கனவுகளையும் பிடித்துவிட்டார்கள். மொத்தம் 375. விழித்திருக்கும்போது பார்த்த ஆட்கள், இடங்கள், கேட்ட சத்தங்கள்தான் பெரும்பாலான கனவுகளில் வருகின்றன என்பது முடிவு. இன்னொன்றும் கவனித்தார்கள். வாழ்க்கையில் நமக்கு ரொம்ப முக்கியமானது எதுவோ, அது கனவில் அதிகம் வருவதில்லை. அண்மையில் கண்ணில் பட்ட சில்லறை விஷயங்கள்தான் வருகின்றன.

1893-ல் வெளிவந்த இந்தக் கட்டுரையை, 'கனவுகளின் விளக்கம்' எழுதிய சிக்மண்ட் ஃபிராய்டு தன் நூலில் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஃபிராய்டின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். அலாரம் வைத்துத் தூக்கத்தைத் தியாகம் செய்தவர்கள் பெயர் தெரியாது.

தீசிஸ்: பச்சை என்றால் 29

1892-ல் ஹார்வர்டு லேபைக் கவனிக்க ஜெர்மனியிலிருந்து ஹியூகோ முன்ஸ்டர்பெர்க் வந்தார். வுண்டிடம் படித்தவர். மேரி மறுபடியும் ஹார்வர்டுக்கு அனுமதி கேட்டு, மறுபடியும் 'விருந்தினராக' உள்ளே போனார். முதலில் வெல்ஸ்லியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக. பிறகு 1894-95 கல்வியாண்டில் லீவு போட்டு முழுநேரமாக.

நினைவாற்றலை அளப்பதில் அதற்கு முன் பெரிய பெயர் ஹெர்மன் எபிங்ஹவுஸ். அர்த்தமே இல்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885-ல் புத்தகம் போட்டவர். மேரி எடுத்த வழி வேறு. இரண்டு பொருள்களை ஜோடி சேர்ப்பது.

சோதனை இப்படித்தான் நடக்கும். ஒரு நிறத்தைச் சில நொடிகள் காட்டுவார்கள். உடனே ஒரு எண். பிறகு அடுத்த நிறம், அடுத்த எண். வரிசை முடிந்ததும் நிறங்களை மட்டும், வேறு வரிசையில் காட்டுவார்கள். எந்த எண் மனதில் வருகிறதோ அதை எழுத வேண்டும். அவ்ளோதான்.

ஆனால் உள்ளே ஒரு குட்டித் தந்திரம் இருக்கிறது. உதாரணத்துக்கு, பச்சை நிறத்தோடு 47 ஒரு தடவைதான் வருகிறது, ஆனால் பெரிய எழுத்தில் பளிச்சென்று. அதே பச்சையோடு 29 சாதாரணமாக மூன்று தடவை வருகிறது. கடைசியில் பச்சையைப் பார்த்ததும் எது ஞாபகம் வரும்? பளிச்சென்று இருந்ததா, திரும்பத் திரும்ப வந்ததா, கடைசியாக வந்ததா, முதலில் வந்ததா? இந்த நான்கையும் ஒன்றோடு ஒன்று மோதவிட்டுப் பார்த்தார் மேரி.

ஜெயித்தது, திரும்பத் திரும்ப வந்தது. பளிச்சென்று இருப்பதும், கடைசியாக வருவதும் உதவத்தான் செய்தன. ஆனால் எல்லாவற்றையும் விட வலுவானது எத்தனை முறை வந்தது என்பதுதான். வாய்ப்பாட்டைத் தினமும் ஒப்பிக்க வைத்த டீச்சர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அது லேபில் அளக்கப்பட்டது என்பதுதான் விஷயம்.

மேரிக்கு இந்த முடிவுதான் முக்கியம். உளவியல் துறை எடுத்துக்கொண்டதோ முறையை. இணை நினைவுச் சோதனை என்று சொல்லலாம். ஜெர்மனியில் ஜி.இ. முல்லர் இந்த வழியை மேலும் செம்மைப்படுத்தினார். இன்றைக்கும் மருத்துவமனைகளில் நினைவாற்றலைச் சோதிக்கும் வெக்ஸ்லர் தொகுப்பில் இதன் ஒரு வடிவம் உண்டு. இரண்டிரண்டு வார்த்தையாக ஜோடிகளைப் படித்துக்காட்டி, பிறகு முதல் வார்த்தையை மட்டும் சொல்லி மற்றதைக் கேட்பார்கள். உங்கள் போனில் மொழி கற்கும் ஆப் இருந்தால், ஒரு பக்கம் வார்த்தை, மறுபக்கம் அர்த்தம் என்று வரும் கார்டுகளும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான்.

'பெண்கள் இப்படித்தான் யோசிப்பார்கள்'

தீசிஸ் நடக்கும்போதே இன்னொரு சண்டையும் ஓடியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் ஜாஸ்ட்ரோ, மாணவ மாணவிகளை வேகமாக 100 வார்த்தைகள் எழுதச் சொல்லி ஒரு ஆய்வு செய்திருந்தார். பெண்கள் துணிமணி, வீடு சார்ந்த வார்த்தைகளையே அதிகம் எழுதுகிறார்கள், அவர்களின் எண்ணங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன என்பது அவர் முடிவு.

வெல்ஸ்லி மாணவி ஒருவரை வைத்து அதே சோதனையை மேரி மறுபடி நடத்தினார். முடிவுகள் ஒத்துப்போகவில்லை. 1895, 1896-ல் இரு தரப்பும் பத்திரிகைகளில் மாறி மாறி எழுதின. மேரியின் வாதம் சிம்பிள். பிறந்ததிலிருந்து ஆணையும் பெண்ணையும் வேறு வேறு சூழலில் வளர்த்துவிட்டு, மனதின் இயல்பே வேறு என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒருவர் வெளியிட்ட ஆய்வை இன்னொருவர் திரும்பச் செய்து சரிபார்ப்பது இன்று உளவியலில் பெரிய பேச்சு. அன்றே அதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

வைவா: இருந்தும் இல்லாத தேர்வு

1894 அக்டோபரில் முன்ஸ்டர்பெர்க் ஹார்வர்டு நிர்வாகத்துக்கு எழுதினார். தன் லேபில் வேலை செய்தவர்கள் எல்லோரையும்விடத் திறமையானவர் மேரிதான், அவரை பிஎச்.டி-க்கு ஏற்றுக்கொள்ளுங்கள் என்று. நிர்வாகம் மறுத்தது. விருந்தினராகவே தொடரலாமாம்.

சரி, நிர்வாகம் தராவிட்டால் போகட்டும், நாங்கள் தேர்வு வைக்கிறோம் என்று துறைப் பேராசிரியர்கள் முடிவெடுத்தார்கள். அதுதான் 1895 மே 28. ஜேம்ஸ், ராய்ஸ், முன்ஸ்டர்பெர்க், பாமர், ஹாரிஸ், சண்டயானா. எதிரே மேரி. ஹார்வர்டில் தான் பார்த்த பிஎச்.டி தேர்வுகளிலேயே இதுதான் மிகச் சிறந்தது என்று ஜேம்ஸ் பிறகு எழுதினார். குழு தன் முடிவை முறைப்படி நிர்வாகத்துக்கு அனுப்பியது. கடிதம் கிடைத்தது என்று பதிவானது. பட்டம் தரப்படவில்லை.

இதில் ஒரு ஒப்பீடு அவசியம். இதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, 1894-ல், மார்கரெட் ஃப்ளாய் வாஷ்பர்ன் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியலில் பிஎச்.டி வாங்கிவிட்டார். உளவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். அவரும் முதலில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 'சும்மா கேட்டுவிட்டுப் போகிறவராக' மட்டும் அனுமதிக்கப்பட்டவர்தான். அங்கே எதிர்காலம் இல்லை என்று தெரிந்து கார்னெலுக்கு மாறினார். ஆக, அந்தக் காலமே அப்படி, யாருக்கும் கொடுக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வேறு இடத்தில் கொடுத்தார்கள்.

1902: வந்த பட்டத்தை வேண்டாம் என்றது ஏன்?

கதையின் முக்கியமான இடம் இதுதான்.

அனெக்ஸ் 1894-ல் ராட்கிளிஃப் கல்லூரி ஆனது. 1902-ல் அந்தக் கல்லூரி ஒரு வழி கண்டுபிடித்தது. ஹார்வர்டில் பிஎச்.டி வேலை முழுவதும் முடித்தும் பட்டம் கிடைக்காத நான்கு பெண்களுக்கு ராட்கிளிஃப் பெயரில் பிஎச்.டி தருவது. சான்றிதழில் ஹார்வர்டு தலைவரின் கையெழுத்தும் இருக்கும். மூன்று பேர் ஏற்றுக்கொண்டார்கள். மேரி மறுத்துவிட்டார்.

ஏற்றுக்கொள்ளும்படி முன்ஸ்டர்பெர்க்கே வற்புறுத்திப் பார்த்தார். இத்தனை வருடம் துணையாக நின்ற கைடு அவர். அவருக்கு இல்லை என்று சொல்வது சுலபமாக இருந்திருக்காது.

ராட்கிளிஃப் முதல்வருக்கு மேரி எழுதிய பதிலில் கோபம் இல்லை. பிஎச்.டி இருந்தால் தனக்குப் பல வகையில் வசதி என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் தான் படித்தது ஹார்வர்டில், ராட்கிளிஃபில் ஒரு நாள்கூடப் படிக்கவில்லை. பெண்களுக்கென்று தனியாக ஒரு முனைவர் பட்டம் இருந்துவிட்டால், ஹார்வர்டு தன் பட்டத்தைப் பெண்களுக்குத் தரவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும். கல்வியின் நல்ல நோக்கங்களுக்கு, ராட்கிளிஃப் இந்தப் பட்டத்தைத் தராமல் இருப்பதே நல்லது. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இதைப் படித்துவிட்டு மற்ற மூன்று பேரைக் குறை சொல்லத் தோன்றலாம். அது நியாயம் இல்லை. மேரி 1898-லேயே வெல்ஸ்லியில் முழுப் பேராசிரியர் ஆகிவிட்டவர். கையில் வேலை இருந்தது. பட்டம் இல்லாவிட்டால் வேலை தேடவே முடியாது என்ற நிலையில் இருப்பவருக்குக் கணக்கு வேறு. மேரியால் மறுக்க முடிந்தது, மறுத்தார்.

அவர் பயந்தது நடக்கவும் செய்தது. அடுத்த அறுபது ஆண்டுகள் ஹார்வர்டில் ஆராய்ச்சி முடித்த பெண்களுக்கெல்லாம் ராட்கிளிஃப் பெயரில்தான் பட்டம் போனது.

அப்புறம்?

வேலை நிற்கவில்லை. லேபைவிட்டு மெல்ல நகர்ந்து, 'சுயம்' என்பதுதான் உளவியலின் மையம் என்ற தன் சொந்தக் கோட்பாட்டுக்கு மேரி போனார். எண்ணங்கள் தனியாக மிதப்பதில்லை, யாரோ ஒருவருடைய எண்ணமாகத்தான் இருக்கின்றன என்பது அதன் அடிப்படை. உளவியல் ஆராய்ச்சி வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கோட்பாட்டுக்குப் பெரிய வரவேற்பு இல்லை. கடைசிவரை அவர் அதை விடவும் இல்லை.

1905-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர் ஆனார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். அவருக்கு முந்தைய ஆண்டு அதே பதவியில் இருந்தவர் வில்லியம் ஜேம்ஸ். முன்ஸ்டர்பெர்க் 1898-லும், ராய்ஸ் 1901-லும் தலைவர்களாக இருந்தவர்கள்தான். அதாவது, தேர்வு வைத்தவர்கள் உட்கார்ந்த நாற்காலியில் தேர்வு எழுதியவர். 1918-ல் அமெரிக்கத் தத்துவச் சங்கத்துக்கும் அவரே தலைவர். அங்கும் முதல் பெண்.

1927-ல் ஹார்வர்டின் முன்னாள் மாணவர்கள் 13 பேர் சேர்ந்து பல்கலைக்கழகத்துக்கு மனு கொடுத்தார்கள். மேரிக்கு இப்போதாவது பட்டத்தைக் கொடுங்கள் என்று. எட்வர்டு தார்ண்டைக், ராபர்ட் யெர்க்ஸ், ராபர்ட் உட்வொர்த் என்று உளவியல் பாடப்புத்தகத்தில் வரும் பெயர்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. போதிய காரணம் இல்லை என்று ஹார்வர்டு திருப்பி அனுப்பியது.

1929-ல் மேரி ஓய்வு பெற்றார். 1930 பிப்ரவரியில், 66 வயதில், இறந்துபோனார். ஹார்வர்டு தன் பெயரிலேயே பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1963-ல்.